கை போகும் இடம்

எங்கள் குசினிக்கு வயரிங் பார்க்க அந்த அக்கா முதல்முறை வந்தபோது சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. மெயின் சுவிட்ச் எங்கே என்றும் கேட்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவியிடம் சொன்னார்:

"பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடும் பாப்பம்."

மனைவி கேத்தலை எடுக்கப் போனாள்.

"கேத்தல் வேண்டாம். தண்ணியும் வேண்டாம். சும்மா போட்டுக் காட்டும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவள் வெட்கத்தோடு காற்றில் ஒரு கேத்தலை எடுத்தாள், காற்றில் தண்ணீர் பிடித்தாள், அதை வைக்க இடம் தேடினாள். கை தானாகவே தண்ணீர்க் குழாய்க்கு இடப்பக்கம் போய் நின்றது. அங்கே சுவர் வெறுமையாக இருந்தது. எங்கள் உண்மையான கேத்தல் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குசினியின் மற்றக் கோடியில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. பிளக் பொயின்ற் அங்கேதான் இருந்தது.

அக்கா எழுந்து வந்தார். பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, ஒரு மெரூன் பொட்டைக் கழற்றி, மனைவியின் கை நின்ற இடத்தில் சுவரில் ஒட்டினார்.

"இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளை ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் குசினியைக் குறுக்கறுத்து நடந்திருக்கு," என்றார், என்னைப் பார்த்து. அந்த வீட்டைக் கட்டியவன் நான் இல்லை. ஆனாலும் தலை குனிந்தேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியோ அவர் காதுக்குப் போகும்; போன் பண்ணி, "ஏன் தம்பி, உமக்கு வேற வேலை இல்லையோ?" என்பார். கட்டையான உருவம், நெற்றியை விட்டு இழுத்துக் கட்டிய கூந்தல், நல்ல உரத்த குரல். சுவிஸின் பேர்ண் நகரில் மின்பலகை செய்யும் ஒரு பட்டறையில் பல வருடம் வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஜெர்மன் மொழியில் எலக்ட்ரீசியன் பரீட்சை எழுதித் தேறி, சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கியவர். தேறினதைப் பற்றி அடக்கமாக ஒருநாளும் பேசியதில்லை. "அந்த வருசம் அந்த வகுப்பில நான் ஒருத்திதான் பொம்பிளை, நான் ஒருத்திதான் கறுப்பு, நான் ஒருத்திதான் முதல்தரம் பாஸ்," என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு முறை. செய்து காட்டச் சொல்வார். தமிழரிடம் "செய்து காட்டும்." சுவிஸ்காரரிடம் "சைக் மால்." எங்கே பிளக் பொயின்ற் வேண்டும் என்று வாயால் யாராவது சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார்.

"வாய் சொல்லுறதைக் கேட்டுப் பூட்டினா, அடுத்த மாசம் நீங்கள் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கக் கடைக்குப் போவீங்கள்."

கோயில் மடைப்பள்ளிக்குப் புதிதாக வயரிங் செய்தபோது நிர்வாகசபை முழுவதையும் அன்னதானம் சமைக்க வைத்தார், பாத்திரம் இல்லாமல். செயலாளர் காற்றில் வெங்காயம் வெட்டினார். பொருளாளர் பெரிய கிடாரத்தைக் கிண்டினார், கரண்டி இல்லாமல், இரண்டு கையாலும், இடுப்பை வளைத்து. தலைவர் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றார்.

"தலைவர் என்ன செய்யிறீங்கள்?" என்றார் அக்கா.

"நான் மேற்பார்வை."

"அப்ப உங்களுக்குப் பொயின்ற் தேவையில்லை. கொஞ்சம் அங்கால நில்லுங்கோ, பொட்டு ஒட்டுற இடத்தை மறைக்கிறீங்கள்."

ஐயர் எட்டிப் பார்த்துவிட்டு, மந்திரம் முணுமுணுத்தபடி பின்வாங்கினார். சபை, சுவரில் ஆள் உயரத்தில் வரிசையாக ஆறு பொயின்ற் கேட்டிருந்தது. ஆனால் உண்மையில் அரைக்கிற பெண்கள் இரண்டு பேரை அக்கா கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னபோது, அவர்கள் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். பொட்டு முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. சபைக்கு அது அழகாகத் தெரியவில்லை. அக்கா விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாருக்கும் இந்த முறை வேடிக்கையாக இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் வரவேற்பறைக்கு வேலை நடந்தது. அவரைப் பார்த்து, "வேலையால வந்து என்ன செய்வீங்கள், செய்து காட்டுங்கோ," என்றார் அக்கா. மனிதர் சப்பாத்தைக் கழற்றினார், சோபாவில் சாய்ந்தார், தொலைக்காட்சியைப் போட்டார், பிறகு தன் பாட்டில் அவருடைய வலது கை சோபாவின் பின்பக்கம் தொங்கி எதையோ தேடியது. தேடின கை அப்படியே நின்றது. கதவடியில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

அக்கா பொட்டு அட்டையைத் திறக்கவில்லை. "அங்க கரண்ட் தேவையில்லை," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போனார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அந்த மனிதரே சொன்னார், குடியை விட்ட பிறகு. அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் என் கைகளை மடியில் வைத்துக்கொள்வேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது, படுக்கை, குசினி எல்லாம் உள்ள எங்கள் கேம்பர் வண்டிதான்.

நோர்வேயில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம். நான் ஒரே தாய்மாமன். மணவறையில் என் கையால் நடக்கவேண்டிய காரியங்கள் இருந்தன. தங்கை ஒரு வருடமாக ஒவ்வொரு கிழமையும் போனில், "அண்ணை, நீ வராட்டி நான் தாலி கட்ட விடமாட்டன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவிக்குக் காதில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால் விமானம் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் விமானத்தில் வரட்டும், நாங்கள் இருவரும் பலகாரப் பெட்டிகளோடும் சேலைகளோடும் தரைவழியே போவோம் என்று முடிவாயிற்று. அதற்காகவே ஒரு பழைய அமெரிக்கக் கேம்பரை வாங்கினேன். நிறுத்தி ஒரு பொத்தானை அமுக்கினால், மேசையின் இழுப்பறை திறப்பதுபோல வண்டியின் பக்கச்சுவர் அப்படியே வெளியே நகர்ந்து ஒரு படுக்கையறையாக விரியும். நாங்கள் அதை லாச்சி என்றே சொன்னோம். மூடாமல் வண்டியை ஓட்ட முடியாது.

கட்டில் இருந்தது லாச்சிக்குள். லாச்சிக்குள் ஒரு பிளக் பொயின்ற்கூட இல்லை. முந்தைய சொந்தக்காரர் வண்டியின் உடலுக்கு மட்டும் இங்கத்தைய வயரிங் மாற்றியிருந்தார்.

எனக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற வருத்தம். இரவில் முகமூடி மாட்டி, காற்று ஊதும் ஒரு சிறு மெசினோடுதான் படுப்பேன். அந்த மெசின் இல்லாமல் ஒரு இரவு படுத்தால் அடுத்த நாள் வண்டி ஓட்டக்கூடாது. இது வைத்தியரின் கண்டிப்பு. அந்த அளவு வண்டிக்கு லைசென்ஸ் உள்ளவன் எங்கள் இருவரில் நான் மட்டும். ஆகவே கட்டிலடியில் கரண்ட் இல்லையென்றால் தாய்மாமன் இல்லை.

நான் எதையும் அளந்து எழுதுகிறவன். நாட்குறிப்பில் மழை பெய்த நேரத்தைக்கூட எழுதிவைப்பேன். லாச்சியைச் சதுரத்தாளில் அளவாகக் கீறி, வேண்டிய பொயின்ற்களைச் சிவப்பு மையால் குறித்து அக்காவிடம் நீட்டினேன். எங்கள் ஓஸ்டர்முண்டிகன் வீட்டின் பின்பக்க வாகனத் தரிப்பிடத்தில், கேம்பருக்குள் நின்றபடி அதை வாங்கிப் பார்த்தார்.

"வடிவாக் கீறியிருக்கிறீர்," என்றார். பிறகு அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் கீழ் வைத்தார். மேசை நின்றது. "இனிப் படுத்துக் காட்டும்."

படுத்தேன்.

"சப்பாத்தோடையோ நித்திரை கொள்ளுறனீர்?"

சப்பாத்தைக் கழற்றிவிட்டு மறுபடி மல்லாந்து படுத்தேன், கைகளை இருபக்கமும் நீட்டி. படத்தில் நான் குறித்திருந்த இடத்தை நோக்கி வலது கையை ஒழுங்காக நீட்டினேன். வாசலில் மனைவி சிரித்தாள்.

"அக்கா, இது ஆஸ்பத்திரியில படுக்கிற மாதிரி. வீட்டில இவர் சுவர்ப்பக்கம் திரும்பி, தலைகாணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி..."

"காணும்," என்றேன்.

"காணாது," என்றார் அக்கா. "அதுதான் எனக்கு வேணும். செய்யும் தம்பி."

செய்தேன். கண்ணை மூடி, இல்லாத முகமூடியை மாட்டி, இல்லாத மெசினின் வயரைச் செருகப் போனேன். கை தலைமாட்டின் பின்னால், நான் படத்தில் கீறியதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய்த் தொட்டது. மெரூன் பொட்டு அங்கே ஏறியது. மனைவி கட்டிலை மேசையாக்கிக் காற்றில் ஒரு கூறைச் சேலையை அயன் பண்ணிக் காட்டினாள். அவளுடைய கை போனது நடைபாதையைப் பார்த்த அலுமாரிப் பலகைக்கு. அங்கே இன்னொரு பொட்டு.

"இது அசையிற அறை," என்றார் அக்கா, முழங்கையை மடக்கி நீட்டிக் காட்டியபடி. "இதுக்குள்ள போற வயர் இப்பிடி மடங்கி நிமிர வேணும். சுவருக்குள்ள போடுற வயரைப் போட்டா நாலைஞ்சு பயணத்தில உள்ளுக்குள்ள முறியும். முறிஞ்சது வெளியில தெரியாது, சூடாகும்."

மெல்லிய செப்பு இழைகளால் ஆன, நன்றாக வளையும் வயரைக் கொண்டுவந்தார். அது லாச்சியின் கீழே தொங்கி எங்கும் உரசாமல் இருக்க, ரயில் பெட்டிகளைப்போலக் கோத்த பிளாஸ்டிக் சங்கிலிக்குள் விட்டார். லாச்சிக்குத் தனியாக ஒரு எஃப்.ஐ. சுவிட்ச்; எங்காவது கரண்ட் கசிந்தால் அந்தக் கணமே அறுத்துவிடும். பிறகு வண்டியின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, என்னைப் பொத்தானை அமுக்கச் சொன்னார். லாச்சி வெளியே போனது, சங்கிலி நிமிர்ந்தது. உள்ளே வந்தது, சங்கிலி தன்மேல் தானே மடிந்து படுத்தது.

"இன்னொருக்கா!" என்று கீழேயிருந்து சத்தம் வரும். "இன்னொருக்கா!"

பக்கத்து வீட்டு சுவிஸ் கிழவர் தன் நாயோடு நின்று பார்த்தார். நானும் சிறுபிள்ளை மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மெசினைச் செருகி, அது ஊதத் தொடங்கிய அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டபோது மனைவி கைதட்டினாள். அன்றே தங்கைக்குப் போன் பண்ணினேன். "தாலி கட்டலாம்," என்றேன்.

புறப்பாடு ஒரு திங்கட்கிழமை விடிய. அதற்கு முதல்நாள் மத்தியானம் எல்லாவற்றையும் ஏற்றி அடுக்கி முடித்து, லாச்சியை மூடப் பொத்தானை அமுக்கினேன். அது பாதிக்கு மேல் வந்துவிட்டது. பிறகு 'டக்' என்றது. அதன் பின்னால் பிளாஸ்டிக் நெரியும் சத்தம். லாச்சிக்குத் தனியாகப் போட்ட சுவிட்ச் கரண்டை அறுத்தது.

கையை எடுத்துவிட்டு உள்ளே ஓடினோம். அலுமாரிப் பலகையில் இருந்த பொயின்ற் இரண்டாகப் பிளந்து, வயர் பிய்ந்து வெளியே தொங்கியது. லாச்சி முழுவதும் மூடும்போது அந்தப் பலகைக்கும் எதிரே உள்ள குசினி அலுமாரிக்கும் இடையில் இரண்டு விரல் இடம்தான். அதற்குள் ஏதோ ஒரு பிளக் செருகியபடியே வந்து மோதியிருந்தது.

"எல்லாத்தையும் கழற்றினனான்," என்றாள் மனைவி. "அயன் கழற்றினனான். போன் சார்ஜர் கழற்றினனான்."

நான் குனிந்து எடுத்தேன். சிறிய சிவப்பு மின்விளக்கு. அவள் இரண்டு நாளைக்கு முதல் அந்தப் பலகையில் பிள்ளையார் படத்தை மாட்டியிருந்தாள். அதன் கீழே எரிந்துகொண்டிருந்த விளக்கு.

"இதை ஏன் கழற்றேல்லை?"

"பயணம் வெளிக்கிடேக்க சாமி விளக்கை நூர்க்கிறதோ?"

"வெளியால, வீட்டில இருந்து வாற வயரைக் கழற்றினா எப்பிடியும் நூரும்தானே?"

"அது தானா நூருறது. நான் நூர்க்கேல்லை."

தலைமாட்டுப் பொயின்றுக்குக் கரண்ட் போனது இந்தப் பொயின்ற் வழியாகத்தான். மெசினைச் செருகிப் பார்த்தேன். சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் கடை பூட்டு. மனைவி பலகாரப் பெட்டிகளின் நடுவே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நான் அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

அவர் கோயிலிலிருந்து நேரே வந்தார், பச்சைப் பட்டுச்சேலை, தலையில் பூ, தோளில் கருவிப்பை. உள்ளே ஏறினார். உடைந்த பொயின்றைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார் கடைசியில். "கை போகாத சாமான் ஒண்டு ஒவ்வொரு வீட்டிலயும் இருக்கும். எரியுது எண்டு விட்டுட்டு ஒருத்தரும் தொடாத சாமான். அதை ஒருத்தரும் நடிச்சுக் காட்ட மாட்டினம். நான் கேட்டிருக்க வேணும். இருக்கிறதைக் காட்டச் சொன்னன், வெளிக்கிடுறதைக் காட்டச் சொல்லேல்லை. இது என்ர பிழை."

"இல்லை அக்கா, நான்தான்..." என்றாள் மனைவி.

"அழுறதை விட்டிட்டு எழும்பும் பிள்ளை. நாளைக்கு விடிய எப்பிடி வெளிக்கிடுவீர்? செய்து காட்டும்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாள். இல்லாத கம்பளியை மடித்தாள், இல்லாத ஜன்னலைப் பூட்டினாள், பிள்ளையாரைக் கும்பிட்டு விபூதி பூசினாள், முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் ஒருமுறை நிமிர்ந்து, வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அக்கா பொட்டு அட்டையை எடுத்தார்.

"பிள்ளையார் இஞ்சதான் இருக்க ஆசைப்படுறார். இது அசையாத சுவர். வண்டி பற்றறியில இருந்து இழுத்துவிட்டா, ஓடேக்கையும் எரியும். தானாவும் நூராது."

அதற்குரிய சிறிய சிவப்பு விளக்கு அவர் பையில் இருந்தது; படத்தை அங்கே மாற்றி, அதன் கீழே பூட்டினார். ஆனால் உடைந்த பொயின்றுக்கு மாற்று இல்லை.

"அந்த இடத்தில வயரைப் பொருத்தி மூடிவிட்டா என்ன அக்கா? எனக்குத் தலைமாட்டில வந்தாக் காணும்," என்றேன்.

"மூடிப்போட்டு? பிள்ளை கூறைச் சேலையை உம்மட முதுகில வைச்சோ அயன் பண்ணுறது?"

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடினார். அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பொயின்ற், ஓரமெல்லாம் மஞ்சள் பெயின்ற் ஒட்டியபடி.

"எங்கட குசினிச் சுவர்," என்றார்.

"ஐயோ, வீட்டில என்ன செய்வினம்?"

"அதில ஒருத்தரும் கை வைக்கிறதில்லை. அது வீட்டுச் சொந்தக்காரன் பூட்டினது."

பலகையின் பக்கவாட்டில், கட்டிலைப் பார்த்தபடி, புதிய துளை போடவேண்டும். நான் ட்ரில்லை எடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை இஞ்ச ட்ரில்லால சத்தம் போட்டா, நோர்வே வர முதல் பொலிஸ் வரும். வையும் அதை."

மெல்லிய கைவாளால், சத்தம் வராமல், பட்டுச்சேலையில் மரத்தூள் விழ விழ அறுத்தார். அந்த இடத்தில் பிளக் செருகியிருந்தாலும் எதிலும் மோதாது. எஃப்.ஐ. சுவிட்சைத் தூக்கிவிட்டார். சோதிக்கும் கருவியை வைத்து ஒவ்வொரு பொயின்றாகப் பார்த்தார். பிறகு, முன்னைப்போல ஒன்றையும் கழற்றாமல், அயன், சார்ஜர், என் மெசின் எல்லாவற்றையும் செருகச் சொன்னார்.

"இப்ப மூடும்."

பொத்தானை அமுக்கினேன். லாச்சி நகர்ந்தது. பாதி. முக்கால். மோதிய இடத்தைத் தாண்டியது. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிய. லாச்சி வண்டியின் சுவரோடு வந்து மெதுவாக ஒட்டியது. உள்ளே என் மெசின் ஊதிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா தலையிலிருந்த பூவை எடுத்து அந்தப் படத்துக்கு வைத்துவிட்டு, "வாறன்," என்று இறங்கிப் போனார்.

அதற்கு அடுத்த வருடம் அவர் மகளோடு ஷாஃப்ஹவுசன் பக்கம் போய்விட்டார். எப்போதாவது போனில் கதைப்பதோடு சரி.

அந்தத் திங்கட்கிழமை விடியப் புறப்பட்டு, ஜெர்மனியையும் டென்மார்க்கையும் கடந்து, ஒவ்வொரு இரவும் லாச்சியை விரித்து, மெசினோடு படுத்து, விடிய வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். மணவறையில் தாய்மாமன் செய்யவேண்டியதெல்லாம் முடிந்ததும், தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் மண்டபத்துக்கு வெளியே வந்து அக்காவுக்குப் போன் பண்ணினேன். உள்ளே கெட்டிமேளம் ஓய்ந்திருக்கவில்லை.

"தாலி கட்டியாச்சு அக்கா. வழி முழுக்க மெசின் ஒருநாளும் நிக்கேல்லை."

"அது நிக்காது எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "தலைமாட்டுப் பொயின்றுக்கு எந்தக் கையால செருகினனீர்?"

யோசித்தேன். நிறுத்திய இடங்கள் நினைவுக்கு வந்தன, பெய்த மழை நினைவுக்கு வந்தது, எந்த ஊரில் எத்தனை மணிக்குப் படுத்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது. முகமூடியை மாட்டியதும் ஞாபகம். அதற்குப் பிறகு விடிந்துவிட்டது.

"தெரியேல்லை அக்கா. கவனிக்கேல்லை."

"அப்ப சரி," என்று போனை வைத்தார்.